18 நாள் என்று சொல்லிவிட்டுப் போனவன்

தில்லி புராணா கிலாவுக்குள் சிவப்புக் கல்லில் எண்கோணமாக ஒரு சின்ன இரண்டடுக்குக் கட்டடம் இருக்கிறது. பெயர் ஷேர் மண்டல். ஹுமாயூன் அதைத்தான் நூலகமாக வைத்திருந்தார் என்பார்கள். 1556 ஜனவரியில் ஒரு மாலை, பாங்கு சத்தம் கேட்டு மண்டியிடப் போனவர் அங்கி காலில் சிக்கிப் படியில் உருண்டார். சில நாளில் இறந்தும் போனார். பள்ளிக்கூடப் பாடத்தில் அவர் கதை அத்தோடு சரி. பாடத்தில் வராத விஷயம், அவர் தில்லிக்குக் கூட்டிவந்த ஆட்கள்.

ஹுமாயூன் 15 வருஷம் ஊர் ஊராய் அலைந்தவர். 1540இல் ஷேர்ஷாவிடம் தோற்று ஓடினார். வழியில், சிந்துப் பாலைவனத்து ஓரம் உமர்கோட்டையில் 1542இல் மகன் பிறந்தான். பிறகு பாரசீகத்தில் ஷா தஹ்மாஸ்பிடம் அடைக்கலம். அந்த அரண்மனையில் பார்த்த ஓவியர்களில் இரண்டு பேர், மீர் சையத் அலியும் அப்துஸ் சமதும், பின்னால் காபூலுக்கு வந்து அவருடன் சேர்ந்துகொண்டார்கள். 1555இல் அவர் தில்லியை மீட்டபோது அவர்களும் வந்து இறங்கினார்கள். மறு வருஷமே எஜமானர் போய்விட்டார். மிஞ்சியது 13 வயதுப் பட்டத்து இளவரசன். எழுத்துக் கூட்டிப் படிக்கப் பிடிவாதமாக மறுத்தவன். ஆனால் இந்த இருவரிடமும் படம் போடக் கற்றவன். கதை கேட்பதென்றால் உயிரை விடுபவன்.

அந்தப் பையனுக்குப் பிடித்த கதை அமீர் ஹம்ஸாவின் கதை. அதை முழுக்கப் படமாக வரைந்து தரச் சொன்னபோது, சுமார் 1562இல், அக்பருக்கு வயது 20. இளையோருக்கான மாயக் கதை என்று இப்போது புத்தகக் கடைகளில் தனி அலமாரி வைக்கிறார்களே, அந்த அலமாரிக்கு இந்த மண்ணில் இவ்வளவு தாராளமாகச் செலவழித்த வாசகன் வேறு யாரும் இல்லை. அதுவும், அகதியாக ஓடியவரின் மகன் கேட்க, ஊர் விட்டு வந்தவர்கள் முன்னின்று வரைந்த புத்தகம் அது.

கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நபிகளின் சிறிய தந்தை ஹம்ஸா 625இல் உஹதுப் போரில் உயிர்துறந்தவர். அவர் பெயரைச் சூட்டிக்கொண்டு பாரசீகத்தில் வளர்ந்த இந்தக் கதைக்கும் அந்த வரலாற்றுக்கும் ஒட்டுறவு குறைவு. கதை நாயகன் மக்காவில் பிறந்து, பாரசீகப் பேரரசன் நௌஷேர்வானின் அவைக்குப் போகிறான். அங்கே அவன் வெளியூர்க்காரன். வீரம் வேண்டும்போது அவனைக் கூப்பிடுவார்கள். பெண் கேட்டால் முகம் சுளிப்பார்கள். அரசன் மகள் மெஹர் நிகாரை அவன் விரும்புகிறான். அரசனோ பெண்ணைக் கொடுக்க மனமில்லாமல் வேலைக்கு மேல் வேலை வைக்கிறான். ஸரந்தீப் ராஜா லந்தௌரின் தலையைக் கொண்டுவா என்பது அதில் ஒன்று. ஸரந்தீப் என்றால் நம் பக்கத்து இலங்கைதான். ஹம்ஸாவும் அவன் பால்ய நண்பன் அமரும் கடல் கடந்து வந்து, ஆதம் காலடி பதிந்த மலையில் தீர்க்கதரிசிகளின் கையால் வரம் வாங்குகிறார்கள். அமருக்குக் கிடைப்பது ஸம்பீல் என்ற பை. எதைப் போட்டாலும் கொள்ளும். ஊரையே சுருட்டி உள்ளே வைத்தாலும் கனக்காது. லந்தௌரின் தலையோ கழுத்திலேயே பத்திரமாக இருக்கிறது. வெட்டப் போன இடத்தில் இருவரும் நண்பர்களாகி, அவன் ஹம்ஸாவின் படையில் சேர்ந்துவிடுகிறான்.

இத்தனை சாகசத்துக்கும் நடுநாயகமான இடம் இனிமேல்தான் வருகிறது. காஃப் என்ற மலைநாடு, ஜின்களும் பரிகளும் வாழும் இடம். அந்த நாட்டு ராஜாவுக்கு எதிராகக் கலகம். உதவிக்கு ஹம்ஸாவைக் கூப்பிடுகிறார்கள். ‘18 நாளில் வந்துவிடுவேன்’ என்று மெஹர் நிகாரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புகிறான். கலகம் அடங்குகிறது. ஆனால் ராஜாவின் மகள் ஆஸ்மான் பரி அவனை மணந்துகொள்கிறாள். ஒரு மகளும் பிறக்கிறாள். ஒவ்வொரு தடவை ஊருக்குக் கிளம்பும்போதும் ஏதோ ஒன்று தடுக்கிறது: தூக்கிப் போக வேண்டிய பூதம் பாதி வழியில் இறக்கிவிடுகிறது, பாதை சுற்றிச் சுற்றிப் பழைய இடத்துக்கே வருகிறது, மனைவி கோபிக்கிறாள். 18 நாள் 18 வருஷமாகிறது.

இந்த இடத்தைத் தில்லித் தமிழர் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். பறக்கும் பூதத்தைப் பற்றி ஒரு கேள்வியும் வராது. இரண்டு வருஷத்தில் மாற்றல் வாங்கிக்கொண்டு திரும்பிவிடலாம் என்று கரோல் பாக்கில் ஒற்றை அறை பிடித்த குமாஸ்தாக்களின் பேரன்கள்தான் இன்று தில்லியில் ஓய்வூதியம் வாங்குகிறார்கள். வளைகுடாவுக்குக் காண்ட்ராக்டில் போனவர் கணக்கும் இதேதான். கதைசொல்லிகள் பூதத்தையும் பரியையும் போட்டது வெறும் பகட்டுக்கு என்று எனக்குத் தோன்றவில்லை. போன இடத்தில் ஏன் தங்கினோம் என்பதற்கு, போனவனிடமே நேரான பதில் இருப்பதில்லை. ‘வழி சுற்றிவிட்டது’ என்பது உண்மைக்கு மிக அருகில் வரும் பதில்.

அக்பரின் ஹம்ஸாநாமாவுக்கு வருவோம். 14 தொகுதி, தொகுதிக்கு 100 படம், மொத்தம் 1,400. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் உயரம். பருத்தித் துணியில் வரைந்தவை. படத்தின் பின்பக்கம் கதை எழுதிய தாள் ஒட்டியிருக்கும். மடியில் வைத்துப் படிக்கிற அளவு இல்லை அது. ஒருவர் படத்தைத் தூக்கிப் பிடிக்க, இன்னொருவர் கதை சொல்ல, அவை பார்த்திருக்கும். வேலை முடிய 15 வருஷம் ஆனது. முதலில் மீர் சையத் அலி தலைமை, பிறகு அப்துஸ் சமத். பட்டறையில் உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் உள்ளூர்க்காரர்கள். பல்லக்குத் தூக்கியின் மகன் தஸ்வந்த் அவர்களில் ஒருவன். சுவரில் கிறுக்கிக்கொண்டிருந்தவனை அக்பரே கண்டெடுத்து அப்துஸ் சமதிடம் ஒப்படைத்ததாக அபுல் ஃபஸல் எழுதுகிறார். வந்தேறிகளிடம் மண்ணின் மைந்தன் பாடம் கற்றான். அவன் கைபட்டுப் பாரசீகப் பாறைகளுக்கு நடுவே இந்திய மரங்கள் முளைத்தன, ஆட்களின் உடம்பில் சதை ஏறியது.

ஒரு படத்தைப் பார்க்கலாம். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஸுமுர்ருத் ஷா, தன்னையே கடவுள் என்று சொல்லிக்கொண்ட ராட்சதன், தப்பி ஓடும்போது ஒரு தோட்டத்துப் பள்ளத்தில் விழுந்து கிடக்கிறான். அவனைத் தோட்டக்காரர்கள் அடி பின்னுகிறார்கள். அவன் யாரென்றே அவர்களுக்குத் தெரியாது. ராட்சதனை வெல்ல ஹம்ஸா வரவேண்டியதில்லை, நாலு தோட்டக்காரர் போதும் என்று வரைந்த கை, அரண்மனையில் பிறந்த கையாக இருக்காது என்பது என் ஊகம்.

அக்பருக்குக் கதை சொன்னவர் தர்பார் கான். அவருடைய அப்பா ஷா தஹ்மாஸ்பின் கதைசொல்லி. மகன் இங்கே பிழைக்க வந்தார். அக்பருக்குச் செல்லமான ஒரு நாய் இருந்தது. அதற்குத் தர்பார் கான் கல்லறை கட்டினார். தன்னையும் அதன் அருகிலேயே புதைக்கவேண்டும் என்று கேட்டார், அப்படியே புதைத்தார்கள். கதை சொல்லிப் பிழைத்தவர்கள் கொஞ்சம் விசித்திரமானவர்கள்தான்.

பிறகு படங்களுக்கும் காலில் சக்கரம் முளைத்தது. 1739இல் நாதிர்ஷா தில்லியைக் கொள்ளையடித்து மயிலாசனத்தோடு திரும்பியபோது இந்தத் தொகுதிகளிலும் ஒரு பங்கு போயிருக்கவேண்டும். மற்றதெல்லாம் போகட்டும், ஹம்ஸாவை மட்டும் திருப்பிக் கொடுங்கள் என்று தில்லி அரசர் முகம்மது ஷா கெஞ்சியதாகச் சொல்வார்கள். 1873இல் வியன்னா உலகக் கண்காட்சியில் பாரசீக அரங்கிலிருந்து 60 படங்கள் அந்த ஊர் அருங்காட்சியகத்துக்குப் போய்ச்சேர்ந்தன. 1881இல் காஸ்பர் பர்டன் கிளார்க் என்ற ஆங்கிலேயர் ஸ்ரீநகரில் சாமான் வாங்கப் போன இடத்தில், குளிர்காற்றுக்கு அடைப்பாக ஜன்னலில் மாட்டியிருந்த துணிகளைக் கண்டார். அவையும் ஹம்ஸாவின் படங்கள். பலவற்றில் முகங்களை யாரோ சுரண்டியிருந்தார்கள். அப்படி வாங்கியவை லண்டனுக்குப் போயின. 1,400இல் இன்று உலகம் முழுக்கச் சேர்த்தாலும் 200 தேறாது.

துணி அங்கங்கே சிதறினாலும் வாய்க்கதை வேறு பாதையில் நடந்தது. மலாய் மொழியில் அது ஹிகாயத் அமீர் ஹம்ஸா ஆயிற்று. ஜாவாவில் மரப்பாவைக் கூத்தாகி, ஹம்ஸா ‘மேனாக்’ ஆனான். 1511இல் போர்த்துக்கீசியர் மலாக்காவைத் தாக்குவதற்கு முந்தைய இரவு நடந்ததாக மலாய் வரலாற்று நூல் ஒன்று சொல்கிறது: கோட்டையைக் காத்து நின்ற இளம் பிரபுக்கள், சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை, முகம்மது ஹனஃபியாவின் போர்க்கதையை அனுப்புங்கள் என்று சுல்தானுக்கு ஆள் விட்டார்கள். சுல்தானோ, உங்கள் வீரத்துக்கு ஹம்ஸா கதை போதும் என்று அதை அனுப்பினார். பையன்களுக்கு ரோஷம். சாமர்த்தியமாகப் பதில் சொல்லி அனுப்பி ஹனஃபியாவையே வாங்கினார்கள். ஹம்ஸா இரண்டாம் இடத்துக்குத் தள்ளப்பட்ட அபூர்வமான சந்தர்ப்பம் அது. மலாக்கா மறுநாள் தப்பிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

1801இல் கல்கத்தா வில்லியம் கோட்டைக் கல்லூரிக்காக கலீல் அலி கான் அஷ்க் இதை உருதுவில் எழுதினார். அங்கே மாணவர்கள் யார்? கம்பெனி வேலைக்கென்று இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்திறங்கிய, மீசை முளைக்காத ஆங்கிலேயப் பையன்கள். உள்ளூர் மொழி படிக்க அவர்களுக்குக் கொடுத்த பாடப்புத்தகங்களில், ஊர் திரும்ப முடியாமல் ஜின்களின் நாட்டில் மாட்டிக்கொண்டவன் கதையும் ஒன்று. தேர்ந்தெடுத்தவர்களுக்கு இந்தக் குறும்பு புரிந்ததோ இல்லையோ. அந்தப் பையன்களில் பலர் கல்கத்தாவிலேயே கல்லறையில் கிடக்கிறார்கள்.

தில்லியில் அந்தக் காலத்தில் கதை கேட்கக் கல்லூரிக்குப் போகவேண்டாம், ஜாமா மசூதிக்குப் போனால் போதும். வடக்கு வாசல் படிக்கட்டில் சாயங்காலமானால் கதைசொல்லி ஒருவர் நாணல் மோடாவைப் போட்டு உட்கார்ந்து அமீர் ஹம்ஸா சொல்வார். கொஞ்சம் தள்ளி இன்னொருவர் ஹாத்திம் தாயின் கதையைச் சொல்வார். சையது அகமது கான் 1847இல் தில்லிக் கட்டடங்களைப் பற்றி எழுதிய நூலில் இதையும் பதிந்திருக்கிறார். கவிஞர் காலிபுக்கும் இந்தப் பைத்தியம் உண்டு. ஹம்ஸா கதைப் புத்தகம் கைக்கு வந்திருக்கிறது, அலமாரியில் 17 பாட்டில் நல்ல மது இருக்கிறது, பகலெல்லாம் வாசிப்பு, இரவெல்லாம் குடி என்று நண்பருக்குக் கடிதம் போட்டார். 1857 கலவரத்துக்குப் பிறகு தன் ஊர் அடையாளம் தெரியாமல் போய், நண்பர்கள் செத்தும் சிதறியும் போன காலம். சொந்த வீட்டில் உட்கார்ந்தபடியே அந்நியராகிப் போனவர் அவர். அப்படிப்பட்டவருக்கு ஹம்ஸா எதற்குத் தேவைப்பட்டான் என்று விளக்கவேண்டியதில்லை.

கலவரம் முடிந்ததும் தில்லியின் இலக்கியச் சந்தை லக்னோவுக்கு நகர்ந்தது. அங்கே நவல் கிஷோர் அச்சகம், முகம்மது ஹுசைன் ஜாஹ், அகமது ஹுசைன் கமர், தஸத்துக் ஹுசைன் ஆகிய கதைசொல்லிகளைக் கொண்டு 1883 முதல் 46 தொகுதிகள் அடித்துத் தள்ளியது. மொத்தம் 40,000 பக்கத்துக்கு மேல். அதில் ‘தில்ஸ்ம்-ஏ-ஹோஷ்ருபா’ பகுதிதான் சிகரம். ‘தில்ஸ்ம்’ என்பது மந்திரவாதிகள் கட்டிவைத்த மாயநாடு. உள்ளே போவது சுலபம், வெளியே வர ‘லௌஹ்’ என்ற பலகை வேண்டும். அதில் எழுதியிருப்பதை எழுத்துப் பிசகாமல் செய்யவேண்டும். அந்த அத்தாட்சி கையில் இல்லாதவன் எவ்வளவு பெரிய வீரனானாலும் உள்ளேயே கிடக்கவேண்டியதுதான். இதை எழுதியவர்கள் குடியுரிமை அலுவலக வரிசையில் நின்றிருக்க நியாயமில்லை.

இந்த மாயநாட்டிலிருந்து ஒரு கிளை இந்திக்குப் போயிற்று: தேவகி நந்தன் கத்ரியின் ‘சந்திரகாந்தா’. 1994இல் தூர்தர்ஷன் அதைத் தொடராக்கியபோது இந்தி தெரியாத தமிழ் வீடுகளில்கூட ஞாயிற்றுக்கிழமை காலையில் வில்லன் க்ரூர் சிங்கின் ‘யக்கூ’ ஒலித்தது. அதில் வரும், வேஷம் மாறுவதில் மன்னர்களான ‘ஐயார்’ என்ற தந்திரக்காரர்கள் எல்லாரும் அமரின் வம்சம்.

தில்லியின் கடைசிக் கதைசொல்லி மீர் பாகர் அலி. சினிமா வந்தபின் கேட்க ஆளில்லை; கடைசிக் காலத்தில் பாக்குப் பொட்டலம் விற்றார். 1920இல் கிரியர்சனின் மொழிக் கணக்கெடுப்புக்காக அவர் குரலைச் சில நிமிஷம் இசைத்தட்டில் பதிந்தார்கள். 1928இல் இறந்தார். பிறகு 1947. அந்தக் கதையை வாயில் வைத்திருந்த குடும்பங்களில் பல எல்லை தாண்டிக் கராச்சிக்கும் லாகூருக்கும் போயின. அங்கிருந்து விரட்டப்பட்ட பஞ்சாபிகள் இங்கே வந்தார்கள். அவர்களுக்காக எழுந்த கடைவீதிகளில் ஒன்று கான் மார்க்கெட். மலக்வாலிலிருந்து அகதியாக வந்த பல்ராஜ் பஹ்ரி 1953இல் அங்கே தொடங்கியதுதான் பஹ்ரிஸன்ஸ் புத்தகக் கடை.

அந்த மாதிரிக் கடைகளின் இளையோர் அலமாரியில் இன்று அமெரிக்காவில் வளர்ந்த இந்தியக் குழந்தைகளின் மாயக் கதைகள் வரிசையாக நிற்கின்றன. சாயந்தனி தாஸ்குப்தாவின் 2018ஆம் வருஷ நாவலில், நியூ ஜெர்சியில் அப்பா அம்மா நடத்தும் சில்லறைக் கடையில் வளரும் கிரண்மாலா என்ற சிறுமியின் 12ஆவது பிறந்தநாளன்று பெற்றோர் காணாமல் போகிறார்கள். சமையலறைக்குள் ராட்சசன் வந்து நிற்கிறான். 1907இல் தக்ஷிணாரஞ்சன் மித்ர மஜும்தார் தொகுத்த ‘டாகுர்மார் ஜுலி’ என்ற வங்காளப் பாட்டிக் கதைகளிலிருந்து கிளம்பி வந்த ராட்சசன் அவன். ரோஷணி சோக்ஷியின் ஆரு ஷாவோ அட்லாண்டாவில் மகாபாரதத்தோடு மல்லுக்கட்டுகிறாள். நல்ல புத்தகங்கள்தான். ஆனால் இவற்றில் ஒரு வசதி இருக்கிறது: மாயலோகத்துக்கும் வீட்டுக்கும் இடையே கதவு இருபுறமும் திறக்கிறது. கடைசிப் பக்கத்துக்குள் பெற்றோர் கிடைத்துவிடுவார்கள். ஹம்ஸாவின் கதை அவ்வளவு இளகிய மனம் கொண்டதல்ல.

ஹம்ஸாவை இந்த அலமாரிக்குத் திருப்பிக் கூட்டிவந்தவரும் புலம்பெயர்ந்தவரே. சிந்து ஹைதராபாத்தில் பிறந்து கனடாவுக்குக் குடியேறிய முஷர்ரஃப் அலி ஃபாரூக்கி, டொரன்டோவில் உட்கார்ந்து ஒரு தொகுதி ஹம்ஸாவை முழுக்க ஆங்கிலத்தில் பெயர்த்தார். 2007இல் அது வந்தது. 2009இல் ஹோஷ்ருபாவின் முதல் பாகம். திட்டமிட்டது 24 பாகம். முதல் பாகத்தோடு நிற்கிறது. 46 தொகுதியையும் தேடிச் சேர்த்து வாசித்து ஆராய்ந்தவர் அலகாபாத்தின் ஷம்சுர் ரஹ்மான் ஃபாரூக்கி. பிழைப்புக்குத் தபால் துறை அதிகாரி. அவருடைய உந்துதலில் உடன்பிறந்தவரின் மகன் மஹ்மூத் ஃபாரூக்கி 2005இல் தில்லி இந்தியா இன்டர்நேஷனல் சென்டரில் கதைசொல்லலை மறுபடி மேடையேற்றினார். வெள்ளை விரிப்பு, திண்டு, வெள்ளை அங்கர்க்கா போட்ட இரண்டு பேர், பக்கத்தில் தண்ணீர்க் கிண்ணம். வேறு சாமான் கிடையாது. அமர் ஒரு மந்திரவாதியை ஏமாற்றும் இடத்தில் ஒருவர் புருவத்தை மட்டும் தூக்குவார், இன்னொருவர் குரலைத் தாழ்த்துவார். உருது அரைகுறையாகத் தெரிந்த கல்லூரிப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பிறகு அதே வடிவத்தில் தேசப் பிரிவினைக் கதையைச் சொன்னார்கள், ஆலிஸின் அற்புத உலகத்தையும் சொன்னார்கள். லாஜ்பத் நகரிலும் படேல் நகரிலும் தாத்தா பாட்டி மூட்டையோடு வந்திறங்கிய கதை கேட்டு வளர்ந்தவர்கள் நிறைந்த ஊரில் இந்த இரண்டும் ஒரே மேடையில் ஏறியது எனக்குப் பொருத்தமாகவே பட்டது.

எனக்கு இந்தக் கதையில் ஒரு குறை உண்டு. ஹம்ஸா காஃபில் இருந்த 18 வருஷமும் மெஹர் நிகார் சும்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கவில்லை. அவளைக் கவர்ந்துபோக எதிரிகள் படை மேல் படையாக வர, அமர் அவளைக் கூட்டிக்கொண்டு ஒரு கோட்டையிலிருந்து இன்னொரு கோட்டைக்கு ஓடுகிறான். தானியம் தீர்ந்தால் அடுத்த கோட்டை. போனவனைவிட அதிகம் அலைந்தவள் அவள். ஆனால் கதைசொல்லிகள் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் அமரின் தந்திரங்களைத்தான் ரசித்து ரசித்துச் சொல்கிறார்கள்; அவள் என்ன நினைத்தாள் என்பதற்கு நாலு வரி, அழுகையோடு சரி. காஃபில் விட்டுவந்த மகள் குரைஷாவுக்கும் ஏறக்குறைய அதே கதி. பாதி மனுஷி, பாதி பரி, அப்பா எந்த ஊர்க்காரர் என்று கேள்விப்பட்டு மட்டும் வளர்ந்த பெண். இளையோருக்கு மாயக் கதை எழுத உட்காருகிறவர் யாராவது அந்தப் பெண்ணைக் கையில் எடுத்தால், 46 தொகுதிக்குள் மூலப்பொருள் ஏராளமாகக் கிடக்கிறது.